ராமாட்சீனியின் நூலில் ஒரு குறை

நோயாளியிடம் மருத்துவர் பலவற்றை விசாரிக்கிறார். அவற்றுடன் 'என்ன தொழில் செய்கிறீர்?' என்றும் கேட்க வேண்டும் என வற்புறுத்தியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சீனி (1633-1714). தொழிலாளரின் நோய்களைப் பற்றி அவர் லத்தீனில் எழுதி, 1700-ல் மோடெனா நகரில் வெளியிட்ட நூல், தொழில்சார் மருத்துவத்தின் மூலநூலாகப் போற்றப்படுகிறது. போற்றுவதோடு நில்லாமல், அதைச் சற்று உரைத்தும் பார்ப்போம்.

எழுத்தர்களைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய நோய்க்கு அவர் கூறும் காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே விதமாக இடைவிடாது அசைதல், மனத்தின் அயராத உழைப்பு. எழுதி எழுதி வலக்கை செயலற்றுப்போன ஒருவரை அவர் குறிப்பிடுகிறார். அம்மனிதர் இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அந்தக் கைக்கும் அதே கதி நேர்ந்தது. குற்றம் கையில் இல்லை, வேலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால், பரிகாரம் கூற வரும்போது நூல் தளர்ந்துவிடுகிறது. உட்கார்ந்து உழைப்போர் விடுமுறை நாட்களிலாவது உடற்பயிற்சி செய்யட்டும். நின்று உழைப்போர் இயன்றபோது உட்காரட்டும் என்கிறார். எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவருக்கு அது எப்போது இயலும்? பட்டறைகளுக்கு நேரில் சென்று கேட்டறிந்த அந்தப் பெருமகனார், வேலையில் கண்ட காரணத்துக்கு உடலில் மருந்து தேடுகிறார்.

இக்குறையைப் பிற்காலம் ஓரளவு திருத்தியது. சுமை தூக்குவோருக்காக அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு தேசிய நிறுவனம் 1991-ல் திருத்தியமைத்த சூத்திரம் ஓர் எடுத்துக்காட்டு. எல்லாம் உகந்த நிலையில் இருந்தால் 23 கிலோகிராம் வரை தூக்கலாம். அதையே நிமிடத்துக்கு 5 முறை வீதம் 8 மணி நேரம் தூக்குவதாயின், ஏனைய யாவும் உகந்ததாக இருந்தும் வரம்பு சுமார் 8 கிலோகிராமாக இறங்கிவிடுகிறது! தொழிலாளியைப் பலப்படுத்தச் சூத்திரம் சொல்லவில்லை. சுமையைக் குறை, அதை உடலுக்கு அருகில் வை, ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும்படி அமை, வேகத்தைத் தணி என்கிறது. மாற வேண்டியது வேலைதான்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டில் பீடி சுற்றுபவரோ தையல் தைப்பவரோ இருந்தால், ராமாட்சீனியின் கேள்வியைச் சற்று நீட்டிக் கேளுங்கள். என்ன தொழில்? ஒரு மணி நேரத்தில் கை எத்தனை முறை அதே அசைவைச் செய்கிறது? இடையில் ஓய்வு தருவது யார் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காதவரை, தைலம் தேய்ப்பதால் மட்டும் வலி தீராது.