களியாட்டக் களமும் வரலாற்றின் மௌனமும்

பொழுதுபோக்கில் அரசியலைத் தேடுதல் வீண் என்பார் பலர். பொழுதுபோக்கையே தொழிலாகக் கொண்ட களியாட்டப் பூங்காக்களை நோக்குமிடத்து இக்கூற்றின் வெறுமை புலப்படும். அங்கு எது காட்டப்படுகின்றது என்பதிலும் பார்க்க, எது காட்டாது விடப்படுகின்றது என்பதே ஆராய்தற்குரியது. "ஸ்பிளாஷ் மௌண்டன்" என்னும் நீர்ச்சவாரியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1989 இல் கலிபோர்ணியாவின் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட இச்சவாரி, 1946 இல் வெளிவந்த "சோங் ஒவ் த சவுத்" என்னும் டிஸ்னி திரைப்படத்தைத் தழுவியது. தென்மாநிலப் பெருந்தோட்டங்களில் வெள்ளையரும் கறுப்பரும் இணங்கி மகிழ்ந்து வாழ்ந்தனர் என்ற பொய்த்தோற்றத்தை அப்படம் தருகின்றது என்ற கண்டனம் அது வெளிவந்தபோதே எழுந்தது. 1986 இற்குப் பின்னர் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது மீளவில்லை. ஆயின் படத்தை மறைத்த நிறுவனமே அதன் விலங்குகளையும் பாடல்களையும் சவாரியிற் சேர்த்துக்கொண்டது. கதைசொல்லியான முதிய கறுப்பர் ரீமஸ் மாமா அதில் இடம்பெறவில்லை. முயல் ஒட்டிக்கொள்ளும் தார்ப்பொம்மைக்குப் பதிலாகத் தேன் வந்தது. சர்ச்சையைக் களைந்து ஆதாயத்தைப் பேணுவதே அன்றைய முறை எனலாம்.

2020 மே மாதம் ஜோர்ஜ் ஃபுளொயிட் பொலிசாராற் கொல்லப்பட்டதையடுத்துக் கிளர்ச்சிகள் எழுந்தன. யூன் மாதத்தில் சவாரியை மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2024 இல் புளோரிடாவிலும் கலிபோர்ணியாவிலும் "ரியானாஸ் பாயு அட்வெஞ்சர்" திறக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றின் கறுப்பின நாயகி ரியானா, கொண்டாட்டமொன்றுக்கு இசைக்கலைஞரைத் தேடுவதே இதன் கதை.

இம்மாற்றத்தை வெறும் வியாபாரத் தந்திரமென ஒதுக்குதல் நேர்மையாகாது. ஏவலாளாகவோ கேலிப்பொருளாகவோ அன்றி, நாயகியாகத் தன் இனத்தவளைக் காணும் சிறுமியின் மகிழ்ச்சி பொய்யன்று. ஆயினும் 1920களின் நியூ ஓர்லியன்ஸ், இனவொதுக்கற் சட்டங்கள் ஆண்ட நகரம். சவாரியில் அவற்றின் சுவடே இல்லை. முன்னையதில் மனிதர் அகற்றப்பட்டார்; பின்னையதில் காலம் அகற்றப்பட்டது.

இதனினும் பாரதூரமானது பிறிதொன்று. ரீமஸ் மாமா, ஜோயல் சான்ட்லர் ஹரிஸ் என்னும் வெள்ளை எழுத்தாளரின் படைப்பு. முயற்கதைகளோ அடிமைப்பட்ட ஆபிரிக்க மக்களின் வாய்மொழிச் செல்வம். மெலிந்த முயல் நரியையும் கரடியையும் மதியால் வெல்வதில் அடக்கப்பட்டோரின் எதிர்ப்புணர்வு பொதிந்துள்ளது. குற்றம் இழைத்தது திரைப்படம், வெளியேற்றப்பட்டவையோ அக்கதைகள்.

துன்பியல் வரலாற்றைக் கேளிக்கையாக்காது மௌனம் காத்தலே நன்று எனச் சிலர் வாதிடலாம். 1993 இல் அடிமைமுறையையும் உள்நாட்டுப் போரையும் சித்திரிக்கும் பூங்காவொன்றை வேர்ஜீனியாவில் அமைக்க டிஸ்னி நிறுவனம் முனைந்தபோது வரலாற்றாசிரியர் பலர் எதிர்த்தனர்; அடுத்த ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. எனினும், ஒரு மக்களின் ஊரையும் இசையையும் கதையையும் இரவல் பெற்றவர், அவர்தம் துயரத்தை மட்டும் வாசலில் நிறுத்திவிட முடியாது. முயற்கதைகளை அவற்றுக்குரிய மக்களின் குரலிலேயே சொல்லவைக்கும் வழியும் இருந்தது. அகற்றுதல் எளிது; உரியவரிடம் மீட்டளித்தலே கடினமானது. மாற்றத்தின் நேர்மையை அளக்கும் கோல் அதுவே.