விண்ணொலியும் இசையாக்கமும்

வானியல் அளவைகளை ஒலியாக மாற்றும் முயற்சிகள் அண்மைக் காலத்தே பெருகியுள்ளன. அவை அனைத்தையும் 'விண்ணின் இசை' என ஒரே பெயரால் வழங்குதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. 1619-இல் கோள்களின் விரைவுகளைச் சுரங்களாக எழுதிய கெப்ளர், வானில் செவிக்குப் புலனாகும் ஒலி இல்லை என்றே கொண்டார்; அவ்வடக்கம் இன்று அருகிவிட்டது.

பெர்சியசு விண்மீன் மண்டலத் தொகுதியின் நடுவணுள்ள கருந்துளை, தன்னைச் சூழ்ந்த வெம்மை மிக்க வளியில் அழுத்த அலைகளை எழுப்புகின்றது. சந்திரா எக்சு-கதிர்த் தொலைநோக்கியின் வாயிலாக அறியப்பட்ட இச்செய்தி 2003-இல் வெளியாயிற்று. ஓர் அதிர்வு நிகழ ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டாகும். பியானோவின் நடுச் 'சி' சுரத்திற்கு அது 57 தாயி தாழ்ந்தது. 2022-இல் வெளிவந்த ஒலிவடிவில் அவ்வலைகள் 57, 58 தாயி உயர்த்தப்பெற்றன. ஈண்டு அலை உண்டு, மாறியது சுருதியே. ஆதலின் இதனைப் பெயர்ப்பு எனலாம்.

2020-இல் நாசா வெளியிட்ட பால்வழி நடுவத்தின் ஒலிவடிவமோ வேறு வகையினது. ஏறத்தாழ 400 ஒளியாண்டு அகன்ற பரப்பின் படம் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுகின்றது. மேலுள்ள ஒளி உயர்ந்த சுரமாகவும், மிக்க ஒளி மிக்க ஓசையாகவும் ஒலிக்கும். மூன்று தொலைநோக்கிகளுக்கும் தனித்தனி இசைக்கருவிகள். கேட்போர் நெஞ்சை ஈர்ப்பது, மெல்ல எழுந்து ஓங்கும் அதன் உச்சம். பெருங் கருந்துளை உறையும் ஒளிமிகு பகுதி படத்தின் வலக் கீழ்ப்புறத்தே இருத்தலான் அவ்வுச்சம் பிற்பகுதியில் நேர்கின்றது. வலமிருந்து இடமாகப் படித்திருப்பின், அதே அளவைகள் ஆர்ப்பரித்துத் தொடங்கிப் பின் அடங்கும் இசையைத் தந்திருக்கும். எனவே நாம் வியக்கும் அவ்வெழுச்சி விண்மீன்களுடையதன்று. படிக்கும் திசையைத் தெரிந்தெடுத்தவருடையது. இஃது ஆக்கம். இதனால் அதற்கு இழுக்கொன்றுமில்லை. ஆக்கியோனை மறைத்து விண்ணைப் பாராட்டுதலே பிழை.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. பார்வையிழந்த வானியலறிஞர் வாண்டா தியாசு மெர்செது, அளவைகளை ஒலியாக்கியே ஆராய்பவர். படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அத்தகையார்க்கு இல்லை. மாற்றிய விதியே அவர்க்குக் கண். 2020-ஆம் ஆண்டு வெளியீடு தன் விதிகளை உடன் கூறிற்று. அதனைப் போற்றியெழுதுவோரும் அவ்விதிகளை முதற்கண் எடுத்துரைத்துப் பின்னரே இசைநயம் கூறப் புகுதல் வேண்டும்.