போர்க்களச் சாட்சியும் மொழி எல்லையும்: அனிதா பிரதாப்பின் 'ஐலண்ட் ஆஃப் பிளட்'

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம், தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் எல்லைப் பகுதியாகும். மலையாள மொழியின் தந்தையெனப் போற்றப்பெறும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகக் கருதப்படும் குருமடம் அமைந்த இவ்வூரிலேயே அரசு கல்லூரித் தமிழ்த்துறையும் இயங்கி வருகின்றது. இத்தகைய இருமொழிச் சூழலில் பயில்வோர்க்கு, மலையாளியான ஒரு பெண் இதழாளர் ஈழத்தமிழர் போரை ஆங்கிலத்தில் எழுதிய நூல் தனித்ததொரு வாசிப்புச் சிக்கலை முன்வைக்கின்றது. பொருள் தமிழருடையது, பார்வை அண்டை மொழியினருடையது, நடையோ உலகச் செய்தித்துறையின் ஆங்கிலம். இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதே இங்கு நோக்கத்தக்கது.

கோட்டயத்தில் 1958இல் பிறந்த அனிதா பிரதாப், இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் பணி தொடங்கிச் சண்டே, இந்தியா டுடே, டைம் ஆகிய இதழ்களில் பணியாற்றினார். பின்னர் சி.என்.என். தொலைக்காட்சியின் தெற்காசியச் செய்தியாளராக விளங்கினார். 1983 சூலைக் கலவரம் நிகழ்ந்த ஆண்டிலேயே இலங்கைச் செய்திகளைத் திரட்டச் சென்ற அவர், விடுதலைப் புலிகளின் தலைவர் வே. பிரபாகரனை நேர்கண்டார். 1984 மார்ச்சுத் திங்களில் சண்டே இதழில் வெளியான அந்நேர்காணலே பிரபாகரன் இதழாளர்க்கு அளித்த முதல் நேர்காணலாகச் சுட்டப்பெறுகின்றது. 2002 ஏப்பிரல் 10 அன்று கிளிநொச்சியில் நூற்றுக்கணக்கான செய்தியாளர்கள் திரண்ட கூட்டத்தோடு இதனை ஒப்பிட்டால், இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் ஈழச் சிக்கல் அடைந்த பரிமாணம் விளங்கும். 2001இல் பெங்குவின் வெளியீடாக வந்த இந்நூல் அவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் நிற்கின்றது. 2002 போர்நிறுத்த உடன்படிக்கையையோ 2009 மே முள்ளிவாய்க்கால் முடிவையோ அறியாத நூல் இது என்பதை மறந்து மதிப்பிடுதல் முறையன்று.

போர்ச் செய்தியைப் பெண் கொண்டுவருதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறநானூற்றுப் பாடல் அறிஞர் நன்கறிந்ததே. ஔவை கண்டவை மெருகு குலையாத வேல்கள். அவற்றின் வழி அவர் உணர்த்தியதோ தம் புரவலனின் களவீரம். எப்பக்கம் நிற்கிறார் என்பதில் அவர்க்கு ஐயமே இல்லை. இதழாளருக்கு அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டுள்ளது. எப்பக்கமும் சாராதவர் என்னும் நம்பிக்கையே அவரது நுழைவுச் சீட்டு. ஆனால் மீண்டும் மீண்டும் ஒரே தலைவரைச் சந்திக்கும் வாய்ப்பு அந்நடுநிலையைச் சோதனைக்கு உள்ளாக்கும். அனிதாவின் நூலில் ஆர்வத்தோடு படிக்கத்தக்க பகுதிகள் தலைவரைப் பற்றியனவே. நூலின் குறையும் அங்கேயே தொடங்குகின்றது எனலாம். ஓர் இயக்கத்தின் வரலாறு ஒருவரது ஆளுமையின் வரலாறாகச் சுருங்கும்போது, அவரைச் சூழ்ந்த மக்களின் குரல் பின்தள்ளப்படுகின்றது.

இதற்கு ஊடகத்தின் இயல்பும் ஒரு காரணம். தொலைக்காட்சிச் செய்தி சில நிமிடங்களில் முடிவது, முகம் தேடுவது. 1996 செப்டம்பரில் காபூல் தாலிபான் வசமானதைப் பதிவுசெய்த செய்திப் பணிக்காக அனிதா ஜார்ஜ் போல்க் விருது பெற்றார். பெண்கள் பணிக்கும் சிறுமியர் பள்ளிக்கும் செல்வது தடுக்கப்பட்ட நகரில் ஒரு பெண் செய்தியாளராக இயங்கியதே தனிச் செய்தியாகும். 2021 ஆகஸ்டில் அந்நகர் மீண்டும் அதே கைக்குச் சென்ற பின்னர் அப்பகுதிகளைப் படிப்போர்க்கு அவை பழஞ்செய்தியாகத் தோன்றா. ஒளிப்படக் கருவி விட்டுச்செல்லும் அச்சத்தையும் காத்திருப்பையும் நூலே மீட்டெடுக்கின்றது. தன்மை நடையில் அமைந்த இவ்வெழுத்தைச் செய்தித் தொகுப்பு என்பதினும் தன்வரலாறு எனக் கொள்வதே பொருந்தும்.

நூலின் இடத்தைத் துல்லியமாக அறிய, உள்ளிருந்து எழுதிய பெண்களோடு ஒப்பிட வேண்டும். 1990இல் வெளிவந்த 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் ஒருவரான ராஜினி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியர். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய அமைதிப்படைக் காலத்தில் பெண்கள் பட்ட துயரை அவர் எழுதிய பகுதியில் தலைவர் எவரும் மையமல்லர். புலிகளின் மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', அவர் மறைந்தபின் 2016இல் வந்தது. அதே இயக்கத்தைத் தமிழில், தன்மை நடையில், உள்ளிருந்து வினவுகின்றது அது. ராஜினிக்கும் தமிழினிக்கும் எழுத்தின் விலை வேறு. வந்து திரும்பும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆயினும் திரும்பிச் செல்ல இயன்றவர் எழுதியமையாலேயே பிறமொழியினர் பலரை இச்செய்தி எட்டியது என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கது.

2014 மக்களவைத் தேர்தலில் எர்ணாகுளம் தொகுதியில் ஆம் ஆத்மி வேட்பாளராக அனிதா நின்று தோல்வியுற்றார். சாட்சி நிலையிலிருந்து பங்கேற்பாளர் நிலைக்கு நகர்ந்த இம்முடிவு நூலைப் பின்னோக்கிப் படிக்கத் தூண்டுகின்றது. எனினும் அதனைக்கொண்டு 2001ஆம் ஆண்டு எழுத்தின் நடுநிலையை ஐயுறுவது பொருந்தாது.

சித்தூர் வாசகர்க்கு எஞ்சும் வினா வேறு. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் கேரளத்தின் புனலூர் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். துப்பாக்கி ஏந்தாத, தலைவர் முகமற்ற இவர்தம் வரலாற்றைத் தேடி எந்த ஒளிப்படக் கருவியும் நெடுநாள் காத்திருக்கவில்லை. மலையாள நிலத்தில் வாழும் இவ்வீழத் தொடர்பை எழுத வல்லோர், இருமொழியும் அறிந்த எல்லைப்புற மாணவர்களே ஆவர்.