முதலில் பெட்டி, பிறகு எஞ்சின்

மேடுபள்ளத்தில் ஓடும் பக்கி வண்டி கட்டுகிறவர்கள் கூடினால் பேச்சு எஞ்சினில்தான் தொடங்கும். எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், பிக்கப் எப்படி என்று ஒரு சுற்று வந்த பிறகு, கிடைத்த கியர்பாக்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று முடியும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. இதற்குச் சான்று 2007இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கிய, பொறியியல் மாணவர்கள் பக்கி கட்டி ஓட்டும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டியிலேயே இருக்கிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் 305 சிசி, 10 குதிரைத்திறன் எஞ்சினைப் பல அணிகளும் ஒன்றுபோலவே பூட்டி வந்த களம் அது. அப்படியிருந்தும் ஒரு வண்டி மேட்டில் ஏறுகிறது, அடுத்தது பாதியில் திணறி நிற்கிறது. எஞ்சின் ஒன்றே என்றால், வித்தியாசம் கியர் பெட்டியிலும் டயரிலும் இருந்துதான் வர வேண்டும்.

அந்தப் பெட்டிகளில் என் மனம் கவர்ந்தது மஹிந்திரா ஆல்ஃபா. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆட்களை அடைத்துக்கொண்டு கிராமத்துச் சாலைகளில் ஓடும் ஷேர் ஆட்டோக்களுக்குள் இருப்பதுதான். அதன் மொத்த விகிதங்களைப் பாருங்கள்: 31.48, 18.70, 11.40, 7.35; ரிவர்ஸ் 55.08. ஒவ்வொன்றையும் அடுத்ததால் வகுத்தால் 1.68, 1.64, 1.55 என்று வரும். மேலே போகப் போக இடைவெளி சுருங்குகிறது. நிமிடத்துக்கு 3,800 சுற்றில் கியர் மாற்றினால், இரண்டாவதில் எஞ்சின் ஏறத்தாழ 2,260இல் வந்து நிற்கும், மூன்றாவதில் 2,320இல், நான்காவதில் 2,450இல். காற்றும் தரையும் அதிகம் எதிர்க்கும் வேகத்தில்தான் எஞ்சின் குறைவாக விழுகிறது. தென்பெண்ணை ஆற்று மணலில் இதன் அருமை தெரியும். அங்கே கிளட்சை மிதித்த கணத்திலேயே வண்டி வேகத்தை இழக்கத் தொடங்கும். இடைவெளி அகலமான பெட்டியில் அடுத்த கியர் விழும்போது எஞ்சினுக்கு மூச்சு போயிருக்கும். 23 அங்குல டயரோடு கணக்குப் போட்டால் டாப் கியரில் மணிக்கு 57 கிலோமீட்டர், முதல் கியரில் 13. பிரிக்ஸ் எஞ்சினின் 19 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 15 சதவீதம் உராய்வில் போனாலும், முதல் கியரில் சக்கரத்துக்கு 500க்கு மேல் வந்து சேரும். முக்கால் டன் சுமந்த பெட்டிக்கு, ஓட்டுநரோடு 300 கிலோ அளவில் நிற்கும் பக்கி பெரிய பாரமே இல்லை.

இந்தப் பொருத்தம் தற்செயலாக வந்ததல்ல. ஆல்ஃபா பெட்டி பிறந்ததே ஏழெட்டு குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் டீசலுக்காக. நாலாயிரத்தை எட்டாத சுற்று, இருபதை ஒட்டிய முறுக்குவிசை என்று பிரிக்ஸும் அதே குணத்தில் நடக்கும் பெட்ரோல் எஞ்சின். ஆனால் குணம் பொருந்தினால் போதாது, உடலும் பொருந்த வேண்டும். பிரிக்ஸின் ஷாஃப்ட் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், அதன் கீ கால் அங்குலம், 6.35. லேத் பட்டறையில் பழக்கதோஷத்தில் 25க்குக் கப்ளிங் போரிங் செய்தால் உள்ளே நுழையாது. எமரி தேய்த்து நுழைத்தால் மையம் விலகும். 6 மில்லிமீட்டர் கீ போட்டால் சில மணி நேர ஓட்டத்திலேயே கீவே அகன்றுவிடும். அடாப்டர் பிளேட்டில் போல்ட்டை மட்டும் நம்பாமல் இரண்டு டவல் பின் அடித்து, டயல் கேஜ் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பதே முறை. சுழலும் திசையையும் பார்த்தாக வேண்டும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் டிரான்ஸாக்ஸிலை முன்பின் திருப்பி வைப்பவர்கள் ரிங் கியரையும் மறுபக்கம் மாற்றுகிறார்கள். மாற்றாவிட்டால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக நான்கும் கிடைக்கும்.

கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடியின் ரசிகர்களுடைய வாதம் வலுவானது. பெல்ட் எஞ்சினை அதன் உச்சத் திறன் கிடைக்கும் சுற்றை ஒட்டியே வைத்திருக்கும். பந்தயத்தில் அது வெல்லும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் சேறும் நீரும் புகுந்தால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும். அதோடு பின்னால் தனியாக ஒரு ரிடக்ஷன் பெட்டியும் செய்தாக வேண்டும். வீட்டில் கட்டுகிறவருக்கு ஷேர் ஆட்டோ மெக்கானிக்கிடம் கிடைக்கும் கிளட்ச் பிளேட்டின் மதிப்பே வேறு. மாருதி 800இன் எஞ்சினையும் பெட்டியையும் பிரிக்காமல் அப்படியே பின்னால் வைப்பது இன்னொரு கட்சி. 796 சிசியின் சுகம் எனக்கும் புரிகிறது. ஆனால் அது 20 அங்குல டயருக்காகத் தொழிற்சாலை செய்த பொருத்தம். 25 அங்குலத்தை மாட்டியவுடன் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வண்டியின் கனமும் கூடிவிடும். வேகம் மட்டும் போதும் என்பவருக்கு, பின்பக்க எஞ்சினோடே பிறந்த டாடா நானோ இன்னும் பொருத்தம். ஆல்ஃபாவுக்கும் குறை உண்டு: கனமான பெட்டி, சாதாரண டிஃபரன்ஷியல். பெருமுக்கல் போன்ற பாறைப் பகுதியில் ஒரு சக்கரம் தூக்கினால் மற்றது நின்றுவிடும். அதற்காக டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்து அடைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடைத்தால் வண்டி வளைய மறுக்கும், ஆக்ஸில் முறியும்.

வருத்தம் வேறு இடத்தில். இன்று 31.48 என்ற எண் ஒரு கல்லூரி ப்ராஜெக்ட் அறிக்கையிலிருந்து அடுத்ததற்கு அப்படியே நகர்கிறது. டயர் மாறியிருக்கும், எடை மாறியிருக்கும், கணக்கு மட்டும் மாறியிருக்காது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் மெக்கானிக்கல் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய ஆட்டோவிலிருந்து ஒரு பெட்டியை வாங்கி, மூடியைக் கழற்றி, பற்களை நீங்களே எண்ணுங்கள். காற்றடித்து, ஆள் உட்கார்ந்த பிறகு டயரின் ஆரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எந்த எஞ்சின் வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.