புயலும் கணிப்பொறி மாதிரிகளும்

2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அது முதல், செங்கற்பட்டில் என் வகுப்பு மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அடுத்த பெரும் புயல் இங்கே எப்போது வரும் என்று காலநிலை மாதிரி சொல்லுமா, சார்?" சொல்லாது. சொல்லும் என்ற எண்ணத்தை வளர்த்தவை நம் பத்திரிகைகளே.

வானிலை மாதிரி வேறு, காலநிலை மாதிரி வேறு. இரண்டிலும் அடிப்படைச் சமன்பாடுகள் ஒன்றே. முன்னது இன்றைய காற்றழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றிலிருந்து தொடங்கிச் சில நாள்களுக்கு முன்னறிவிப்புத் தருகிறது. மாண்டஸின் வருகையைக் கூறியது இவ்வகையே. பின்னது பல பத்தாண்டுகளின் சராசரிப் போக்கை மட்டுமே காட்டும்.

அதன் கட்டங்களோ மிகப் பெரியவை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் புவி அமைப்பு மாதிரியில், வளிமண்டலக் கட்டம் ஒன்று ஏறக்குறைய 200 கிலோமீட்டர் அகலமுடையது. சென்னை, செங்கற்பட்டு, மாமல்லபுரம், புதுச்சேரி நான்கும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும்! புயலின் கண்ணோ பெரும்பாலும் சில பத்து கிலோமீட்டரே. நெல் அளக்கும் மரக்காலால் பொன்னை நிறுக்க முயல்வது போன்றது இது. நுண்ணிய கட்டங்கள் கொண்ட வட்டார மாதிரிகளும் உண்டு. ஆனால் அவை தம் எல்லை மதிப்புகளைப் பெரிய மாதிரிகளிடமிருந்தே பெறுவதால், அவற்றின் பிழைகளையும் சேர்த்தே பெறுகின்றன.

ஆகவே மாதிரிகள் பயனற்றவை என்று கொள்ளலாகாது. உலக அளவில் புயல்களின் எண்ணிக்கை குறையலாம் அல்லது மாறாதிருக்கலாம். கடும் புயல்களின் பங்கு கூடும் என்கிறது பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை. பிற்பாதி மட்டுமே தலைப்புச் செய்தியாகிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதற்கோ மாதிரியே வேண்டியதில்லை. கல்லூரி இயற்பியலே போதும்.

காற்றின் வேகத்தையே பேசிக்கொண்டிருப்பதுதான் என் பெரிய குறை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், வேகத்தில் பெரும் புயலன்று. கரையேறிய பின் பல மணி நேரம் நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியின் கரையை எவ்வளவு உயர்த்துவது என்று கணக்கிடும் பொறியாளருக்கு, புயல் ஓரிடத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதே முதன்மையானது. அதில்தான் மாதிரிகளின் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அதுவரை, பழைய மழைப் பதிவேட்டின் உச்ச அளவோடு அந்த 7 விழுக்காட்டையாவது கூட்டிக் கணக்கிடலாம்.