கொதிப்பும் கோடும்

ஜப்பானிய மாங்கா படக்கதைகளின் ரத்தத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது சன்பெய் ஷிராத்தோவை. வாடகை நூலகங்களுக்கென்றே அச்சான மலிவுப் புத்தகங்களில், 1959 முதல் 1962 வரை அவர் வரைந்த ‘நிஞ்ஜா புகெய்ச்சோ’வில் தலைகள் உருளும், கைகள் துண்டாகும். ஆனால் அங்கே கிளர்ந்தெழுபவர்கள் பிரபுக்களின் கொடுமை பொறுக்காத குடியானவர்கள். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய தலைமுறை அவரைக் கொண்டாடிப் படித்தது. அவருடைய ‘கமுய் தென்’ தொடருக்கு இடம் தரவென்றே 1964இல் கத்சுயிச்சி நாகாய் ‘காரோ’ இதழைத் தொடங்கினார். இந்த மரபுக்கு ஷிராத்தோ வைத்துவிட்டுப் போன உரைகல் இது: அடி யார்மேல் விழுகிறது, எதற்காக?

மாங்கா ஓவியர் சுஎஹிரோ மாருவோவின் வழி வேறு. 1866-67இல் ஓவியர்கள் யொஷிதொஷியும் யொஷிஇகுவும் 28 கொலைகளை மரச்செதுக்கு அச்சுப் படங்களாக்கினார்கள். அந்தக் கொடூர ஓவிய மரபை மாருவோவும் கசுயிச்சி ஹனாவாவும் 1988இல் தங்கள் கையால் மீண்டும் வரைந்தார்கள். மாருவோவின் கோடு பதறாது. பழைய சிறுவர் இதழ்ப் படம்போல முகம் அத்தனை துப்புரவாக இருக்கும். அந்த முகத்துக்கு நேர்வதைத்தான் பார்க்க முடியாது. அழகை நம்பி உள்ளே போன கண் கூசித் திரும்பும்.

‘தி ஸ்டாலின்’ பங்க் குழுவின் 1983 இசைத்தட்டு ‘முஷி’க்கு உறைப்படம் வரைந்தவரும் மாருவோவே. பொருத்தமான கூட்டுதான். மிச்சிரோ எண்டோ 1980இல் தொடங்கிய அந்தக் குழு, பன்றித் தலையையும் குடலையும் கூட்டத்தின்மீது வீசியது. காசு கொடுத்து வந்தவர் வெறும் பார்வையாளராக நின்றுவிட அங்கே வழியில்லை.

இதற்கு முந்தைய ‘டோக்கியோ ராக்கர்ஸ்’ பங்க் அலையில் நியூயார்க்கின் சாயல் தூக்கல். ஒசாகாவின் ‘இனு’ குழுவில் பாடிய மாச்சிதா பிற்பாடு நாவலாசிரியராகி 2000இல் அகுதகவா இலக்கியப் பரிசே வாங்கினார். ‘ஹனதராஷ்’ குழு 1985இல் டோக்கியோ அரங்கொன்றுக்குள் மண்வெட்டி இயந்திரத்தை ஓட்டிச் சுவரை இடித்தது. பேர் வாங்கிய சம்பவம். என்றாலும் இடிந்தது ஏதோ ஒரு வாடகை அரங்கு, அவ்வளவே. 1981 முதல் 2022 வரை அதே வேகத்தில், தாங்களே நடத்திய கச்சேரிகளில் வாசித்த ‘காஸ்’ குழுவையே நான் மேலாக வைப்பேன். அவர்களுடைய பாட்டு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தாளம் மட்டும் நூல் பிசகாது.

‘தி ஸ்டாலின்’ எண்டோ பிறந்த மண் ஃபுகுஷிமா. 2011 மார்ச்சில் அங்கே அணுமின் நிலையத்தில் வெடிவிபத்து நேர்ந்தபின், 60 வயதில், இசைக்கலைஞர் ஒத்தொமோ யொஷிஹிதேயோடும் கவிஞர் வாகோ ரியோஇச்சியோடும் சேர்ந்து ‘புராஜெக்ட் ஃபுகுஷிமா’வைத் தொடங்கினார். ஆகஸ்ட் 15 அன்று, கதிர்வீச்சுக்கு அஞ்சி வெளியார் ஒதுக்கிய அதே ஊரில், திறந்த வெளியில் விழா நடத்தினார்.