ஒற்றைப் பலகைக் கணினிகளில் மின்னழுத்த, அதிர்வெண் அமைவு: ஒரு திறனாய்வு

ஒற்றைப் பலகைக் கணினிகளுள் மாணவர்களிடம் நன்கு அறிமுகமானது 2012-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை. இதன் செயலி எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் இயங்க வேண்டும் என்பதை நினைவக அட்டையிலுள்ள ஓர் உரைக்கோப்பில் இரண்டு மூன்று வரிகள் எழுதியே மாற்றிவிடலாம். பள்ளி மாணவருக்கும் எட்டும் இந்த எளிமை பாராட்டத்தக்கது. ஆனால் மாற்றத்திற்கு என்ன விலை என்பதை அந்த வரிகள் சொல்வதில்லை.

'ஓவர் வோல்டேஜ்' என்ற வரியில் 6 என எழுதினால் அது 6 வோல்ட் அன்று, 6 படிகள். ஒரு படி 0.025 வோல்ட். முதல் மாதிரியில் 0 என்பது 1.2 வோல்ட், எனவே 6 என்பது 1.35 வோல்ட். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 'டர்போ' அமைவு, 700 மெகாஹெர்ட்சை இந்த 6 படிகளுடன் 1000 ஆக்கியது. வேகம் 43 விழுக்காடு கூடியது. மின்திறனோ மின்னழுத்தத்தின் இருமடியையும் அதிர்வெண்ணையும் பெருக்கிய அளவில் ஏறும். 1.27-ஐ 1.43-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.81. அதாவது 81 விழுக்காடு கூடுதல். அத்தனையும் வெப்பமாகவே வெளியேறும். எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான், ஆனால் கோப்பில் தெரிவது 6 என்ற ஓர் எண் மட்டுமே. பை 5-இல் கூடுதல் அழுத்தத்தை மைக்ரோவோல்ட்டிலேயே எழுதலாம் என்பது நல்ல திருத்தம்.

வேகம் கூட்டச் சொல்லும் குறிப்புகள் பல அறை வெப்பநிலையைக் குறிப்பிடுவதே இல்லை. பெரிய குறை இதுதான். 20 பாகை அறையில் ஒரு பலகை 50 பாகை ஏறி 70-இல் நிற்கிறது என்று கொள்வோம். அதே அமைவைச் சித்திரை வெயிலில், 40 பாகையில், பெரியபாளையத்து வீட்டிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழோ வைத்தால் 90-ஐத் தொட வேண்டும். தொடாது, பை 4-இல் 80 பாகையிலேயே செயலி தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். கூட்டிய வேகம் வேண்டிய வேளையில் கிடைக்காது, சூடு மட்டும் மிஞ்சும்.

இந்தத் தற்காப்பு இல்லையென்றால் பலகை கெட்டுப்போகும். அதனால் அதைக் குறை சொல்ல முடியாது. அது தெரிவிக்கும் விதம்தான் போதாது. எச்சரிக்கைப் படம் திரையில் வரும்; ஆலையில் உணரிகளைப் படிக்கும் பலகைக்குத் திரையே இருப்பதில்லை. கட்டளையிட்டுக் கேட்டாலோ 50005 என்பது போன்ற பதினாறடிமான எண்ணொன்று விடையாக வரும். அதைப் பிட்டுகளாகப் பிரித்துப் பார்த்தால்தான், மின்வழங்கல் குறைந்ததும் செயலி வேகம் குறைக்கப்பட்டதும் தெரியும்.

பெயர்க்குழப்பம் இன்னொன்று. 'மின்னழுத்தம் குறைவு' என்ற எச்சரிக்கை, உள்ளே வரும் 5 வோல்ட் ஏறத்தாழ 4.63-க்குக் கீழே இறங்குவதைப் பற்றியது. மெல்லிய கம்பியோ வலுவில்லாத கைப்பேசி சார்ஜரோ காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்வதாக எண்ணி 'ஓவர் வோல்டேஜ்' படியை ஏற்றும் மாணவர், செயலியின் மின் தேவையைக் கூட்டி, குறையை மேலும் வளர்க்கிறார்.

அதே வரியில் எதிர்ம எண்களையும் எழுதலாம் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அதிர்வெண்ணைச் சற்று இறக்கி, மின்னழுத்தத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் முழுச்சுமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தடுமாறினால் ஒரு படி மேலே வர வேண்டும். வெப்பமானியைப் படித்துப் பதிவு செய்யும் பலகைக்குப் பை 4-இன் 1500 மெகாஹெர்ட்சே மிகுதி.